ஜிஎச்சிஐ-ல் ஓடுகிறது, ஃபைலில் ‘ஆம்பிகுவஸ் டைப்’ எரர்: ஏன்?

வால்சுழல்:

ஹாஸ்கல் ப்ரோகிராமிங் மொழியில மூணு வரி. ஃபைல்ல போட்டா மூணுமே கம்பைல் ஆகல. (கோடையும் தமிழ் எழுத்துலயே போடறேன், படிச்சா புரியும்.)

    திருப்பு எஸ் = ஷோ (ரீட் எஸ்)
    பிரின்ட் நத்திங்
    பிரின்ட்எஃப் ஃபார்மேட் 3

மூணுக்கும் ஒரே புலம்பல்: ‘ஆம்பிகுவஸ் டைப் வேரியபிள் ஏ0’, எரர் எண் 39999. ஆனா ஜிஎச்சிஐ ப்ராம்ப்ட்ல (ஒவ்வொரு வரியா அடிச்சு உடனே ஓட்டிப் பாக்கற இடம்) அடிச்சா ரெண்டாவதும் மூணாவதும் ஒழுங்கா ஓடுது. ஷோ (ரீட் "5") மட்டும் டைப் எரர் தராம, ஓடும்போது ‘நோ பார்ஸ்’னு விழுது. 5-ஐ பார்ஸ் பண்ண முடியலையாம்! டைப் இன்ஃபரன்ஸ்னா டைப்பை அதுவே கண்டுபிடிக்கணும்தானே? எங்க தோத்துது?

நிலைப்புள்ளி:

இன்ஃபரன்ஸ் தோற்கவில்லை. தன் வேலையை முழுசாக முடித்துவிட்டு, ‘இதற்கு மேல் உங்கள் கோடில் தடயம் இல்லை’ என்று சொல்கிறது. அதுதான் அந்த எரர்.

    ரீட் :: ரீட் ஏ => ஸ்ட்ரிங் -> ஏ
    ஷோ :: ஷோ ஏ => ஏ -> ஸ்ட்ரிங்

இரண்டையும் கோத்தால் உள்ளே போவது ஸ்ட்ரிங், வெளியே வருவதும் ஸ்ட்ரிங். நடுவில் இருக்கும் ஏ எந்தப் பக்கமும் தலைகாட்டவில்லை. திருப்பு-வை யார் எப்படிக் கூப்பிட்டாலும் அந்த ஏ என்னவென்று தெரியப்போவதில்லை.

தெரியாவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். ரீட் ஏ, ஷோ ஏ போன்ற டைப் கிளாஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட் (‘ஏ இந்த மெத்தட்கள் உள்ள டைப்பாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை) ஒவ்வொன்றும் கம்பைல் ஆகும்போது ஒரு மறைமுக ஆர்குமென்ட்டாக மாறுகிறது. அந்த கிளாஸின் மெத்தட்கள் அடங்கிய டிக்ஷனரி அது. எந்த டைப்பின் டிக்ஷனரியைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். எஸ் என்பது "007" என்றால், இன்ட் டிக்ஷனரி கொடுத்தால் "7" வரும், டபுள் கொடுத்தால் "7.0", ஸ்ட்ரிங் கொடுத்தால் மேற்கோள்குறி இல்லாததால் ‘நோ பார்ஸ்’. ஒரே வரிக்கு மூன்று அர்த்தம். கம்பைலர் தானாக ஒன்றை எடுத்தால் ப்ரோகிராமுக்கு அர்த்தம் கொடுப்பது நீங்கள் இல்லை, அது.

இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

    லெங்த் []

காலிப் பட்டியலின் உறுப்பு டைப் இங்கேயும் தெரியாது. ஆனால் எரர் வராது. அந்த டைப் மேல் எந்தக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் இல்லை, டிக்ஷனரி தேவையில்லை, எந்த டைப்பைப் போட்டாலும் விடை 0. ஷோ [] என்றால் எரர் வரும், ஏனென்றால் ஷோ ஏ0 தொங்குகிறது. டைப் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாத டைப்புக்கு டிக்ஷனரி கேட்பதுதான் குற்றம்.

டமாஸ், மில்னர் இருவரும் 1982-ல் எழுதிய அல்காரிதத்தில் கிளாஸே கிடையாது. அதில் மிச்சம் விழும் வேரியபிளால் யாருக்கும் தொல்லை இல்லை. 1989-ல் வாட்லரும் பிளாட்டும் டைப் கிளாஸை முன்வைத்தார்கள். இந்தச் சிக்கலும் கூடவே வந்தது.

இடதுமடிப்பு:

நிலைப்புள்ளி சொன்னது சரி. ஜிஎச்சிஐ-ல ஏன் ஓடுதுங்கிறதுக்குப் பதில் டிஃபால்ட்டிங்.

ஹாஸ்கல் 2010 விதிப்படி, தொங்குற வேரியபிளுக்குக் கம்பைலர் தானா ஒரு டைப்பை வைக்கணும்னா மூணு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தணும். அந்த வேரியபிள் ‘கிளாஸ் ஏ’ங்கிற எளிய வடிவக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ல மட்டும் வரணும். அதுல ஒரு கிளாஸாவது ‘நம்’ங்கிற எண் கிளாஸ் குடும்பத்தைச் சேர்ந்ததா இருக்கணும் (நம், இன்டெக்ரல், ஃபிராக்ஷனல் மாதிரி). எல்லா கிளாஸும் ப்ரெலூட் (தானா இம்போர்ட் ஆகற அடிப்படை மாட்யூல்) அல்லது ஸ்டாண்டர்ட் லைப்ரரியைச் சேர்ந்ததா இருக்கணும். பொருந்தினா முதல்ல இன்டிஜர், அது ஒத்துவரலன்னா டபுள்.

உங்க மூணு வரியையும் இதுல ஓட்டிப் பாருங்க. முதல் வரியில ரீட், ஷோ மட்டும்தான். எண் கிளாஸ் இல்ல, அவுட். நத்திங் வரியிலும் ஷோ மட்டும், அதுவும் அவுட். மூணாவதுல 3 இருக்கறதால நம் வந்துடுது, ஆனா பிரின்ட்எஃப்-ஆர்க் கிளாஸ் ஹாஸ்கல் 2010 ரிப்போர்ட்ல (மொழி வரையறையில) இல்லாத கிளாஸ். மூணாவது நிபந்தனை அடி வாங்குது.

ஜிஎச்சிஐ ப்ராம்ப்ட்ல ‘எக்ஸ்டெண்டெட் டிஃபால்ட் ரூல்ஸ்’ ஆன்ல இருக்கும். அங்க ஸ்டாண்டர்ட் கிளாஸ்ங்கிற நிபந்தனை தளர்ந்துடும். ஷோ, ஈக்யூ, ஆர்ட், ஃபோல்டபிள், டிராவர்சபிள் இதுல ஒண்ணு இருந்தாலும் போதும். வரிசையில இன்டிஜருக்கு முன்னாடி யூனிட் டைப், அதாவது (), வந்து உக்காந்துக்கும். அதனால ஷோ (ரீட் "5")-ல ஏ என்பது () ஆயிடுது. "5"-ஐ ()-ஆ பார்ஸ் பண்ண முடியாது, ‘நோ பார்ஸ்’. ஷோ (ரீட் "()") அடிச்சுப் பாருங்க, சமர்த்தா "()" வரும்.

ப்ராம்ப்ட்டுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ஃபைலை ஜிஎச்சிஐ-ல லோட் பண்ணினாலும் ஃபைலுக்குள்ள பழைய விதிதான்.

இன்னொண்ணு. முதல் வரியை இப்படி மாத்துங்க:

    திருப்பு எஸ் = ஷோ (ரீட் எஸ் + 1)

கம்பைல் ஆயிடும்! + வந்ததால நம் வந்தாச்சு, இன்டிஜர் உக்காந்தாச்சு. "2.5" கொடுத்தா ஓடும்போது விழும். எரர் போச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.

வால்சுழல்:

இப்போ தெளிவா இருக்கு. சரி, டைப்பை எங்க எழுதறது? ட்ரை போட்டாலும் இதே எரர்:

    ஆர் <- ட்ரை (ரீட்ஃபைல் பாதை)
    கேஸ் ஆர் ஆஃப்
      லெஃப்ட் _ -> பிரின்ட் "ஃபைல் இல்லை"
      ரைட் உள் -> புட்ஸ்ட்ரிங் உள்

ஸ்ட்ரிங்னு உள்ளடக்கத்தோட டைப் தெரியுதே?

அடிக்கோடு:

உள்ளடக்கம் தெரியும், எக்செப்ஷன் டைப்தான் தெரியாது. ட்ரை திருப்பித் தருவது ஈதர் ஈ ஏ. அந்த ஈ-யை நீங்கள் லெஃப்ட் _ என்று தூக்கிப் போட்டுவிட்டீர்கள். எந்த எக்செப்ஷனைப் பிடிக்கவேண்டும் என்று முடிவு செய்வதே அந்த ஈ-யின் டிக்ஷனரிதான், ஆகவே அது இல்லாமல் நகராது. எளிய வழி, @ போட்டு டைப்பை நேரடியாகக் கொடுப்பது:

    ஆர் <- ட்ரை @ஐஓஎக்செப்ஷன் (ரீட்ஃபைல் பாதை)

அவசரத்துக்கு சம்எக்செப்ஷன் என்று போட்டு வாயை மூடிவிடாதீர்கள். கண்ட்ரோல்-சி, டைம்அவுட் போன்று வெளியிலிருந்து வரும் அசிங்க் எக்செப்ஷன்களையும் அது விழுங்கிவிடும்; நிறுத்தச் சொன்னாலும் ப்ரோகிராம் நிற்காது.

பொதுவாக, டைப் பிறக்கும் இடத்தில் எழுதுவது நல்லது. ஷோ (ரீட் எஸ்)-ல் ஷோ @இன்ட் என்றும் எழுதலாம், ரீட் @இன்ட் என்றும் எழுதலாம், கம்பைலருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ‘இது என்ன டைப்பாகப் படிக்கப்படுகிறது’ என்பதுதான் படிப்பவரின் கேள்வி, அது ரீட் பக்கம் இருக்கிறது. அதைவிட நல்லது, சிக்னேச்சருடன் தனி ஃபங்ஷன்:

    எண்ணாக்கு :: ஸ்ட்ரிங் -> மேபி இன்ட்
    எண்ணாக்கு = ரீட்மேபி

இதற்கு மேல் எந்த இடத்திலும் @ தேவைப்படாது, ‘நோ பார்ஸ்’ விபத்தும் இல்லை.

@ போடும்போது கவனிக்க வேண்டியவை. ஃபங்ஷனின் சிக்னேச்சரில் வேரியபிள்கள் முதலில் தென்படும் வரிசைதான் @ வரிசை. ட்ரை-யில் முதலில் வருவது எக்செப்ஷன், அதனால்தான் ஒரே @ போதுமாயிற்று. இரண்டாவதை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் முதலாவதற்கு @_ போட்டுத் தாண்டலாம். சிக்னேச்சர் எழுதாத ஃபங்ஷனுக்கு @ எடுபடாது. அதன் வேரியபிள் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதால் ஜிஎச்சி (ஹாஸ்கல் கம்பைலர்) மறுத்துவிடும். ஜிஎச்சி 9.2-ல் வந்த ஜிஎச்சி2021 தொகுப்பில் @ ஏற்கெனவே ஆன். கபால் ஃபைலில் (ப்ராஜெக்ட் அமைப்பு ஃபைல்) ஹாஸ்கல்2010 என்று மொழி எழுதியிருந்தால் டைப் அப்ளிகேஷன்ஸ் எக்ஸ்டென்ஷனை நீங்களே சேர்க்க வேண்டும்.

எரரைப் படிக்க ஒரு வழி: ஏ0 என்று எண் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது கம்பைலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வேரியபிள். வெறும் ஏ என்றால் நீங்கள் சிக்னேச்சரில் எழுதியது. சந்தேகமுள்ள துண்டை எடுத்துவிட்டு அங்கே _ (இதுதான் ஹோல்) வையுங்கள். ஹோலின் டைப் ஏ0 என்றே வந்தால் சுற்றிலும் தகவல் இல்லை, இன்ட் என்று வந்தால் சிக்கல் வேறெங்கோ.

‘வேர்’ கீவேர்டின் கீழ் வரும் உள் ஃபங்ஷனுக்கு சிக்னேச்சர் எழுதும்போது ஒரு பொறி உண்டு. வெளியே ரீட் ஏ => ஸ்ட்ரிங் -> [ஏ], உள்ளே ஸ்ட்ரிங் -> ஏ என்று எழுதினால் அந்த இரண்டு ஏ-யும் வேறு வேறு. வெளி சிக்னேச்சரில் ஃபார்ஆல் ஏ. என்று தொடங்கினால்தான் உள்ளே அதே ஏ தெரியும்.

இடதுமடிப்பு:

எரர் வர்றது நல்லது. வராம போறதைப் பத்திதான் கவலைப்படணும். டிஃபால்ட்டிங் சத்தமில்லாம செய்யற வேலைக்கு ஒரு உதாரணம், 64 பிட் மெஷின்ல:

    மெயின் = டூ
      லெட் என் = 2 ^ 64
      பிரின்ட் என்

18446744073709551616 வரும். என் இன்டிஜர் ஆயிடுச்சு. இப்போ கீழ ஒரே ஒரு வரி சேருங்க:

      பிரின்ட் (என் + லெங்த் பட்டியல்)

இப்போ *முதல்* பிரின்ட் 0 காட்டும். லெங்த் தர்றது இன்ட். மோனோமார்ஃபிசம் ரெஸ்ட்ரிக்ஷன் இருக்கறதால ஆர்குமென்ட் இல்லாத என்-க்கு மொத்தமா ஒரே டைப்தான். புது வரி அதை இன்ட்டுக்கு இழுத்துடுது, 2 ^ 64 இன்ட்ல சுத்தி வந்து 0. தொடாத வரியோட விடை மாறிப்போச்சு. கொடுமை என்னன்னா, முன்னாடி என்-க்கு வந்த டிஃபால்ட் வார்னிங்கும் இப்போ காணாம போயிடும் (அடுக்கு 64-க்கான வார்னிங் மட்டும் நிக்கும்). இதையே ஜிஎச்சிஐ ப்ராம்ப்ட்ல செஞ்சு பாத்தா தெரியாது. 7.8-லேர்ந்து அங்க அந்த ரெஸ்ட்ரிக்ஷன் ஆஃப்.

என் :: இன்டிஜர்னு ஒரு வரி எழுதியிருந்தா லெங்த் வரியில டைப் எரர் வந்திருக்கும். ஃப்ரம்இன்டெக்ரல் போட்டுட்டுப் போயிருக்கலாம்.

தற்செயலான உள்ளீடு கொடுத்து டெஸ்ட் பண்ற குவிக்செக் லைப்ரரியில இதைவிட வேடிக்கை. ப்ராம்ப்ட்ல:

    குவிக்செக் (\பட்டி -> ரிவர்ஸ் பட்டி == பட்டி)

100 டெஸ்டும் பாஸ்னு வரும். பட்டியலைத் திருப்பினாலும் அதேதானாம்! உறுப்பு டைப் () ஆயிடுச்சு, எல்லா உறுப்பும் ஒண்ணு, திருப்பினா என்ன திருப்பாட்டி என்ன. பட்டி :: [இன்ட்]னு போட்டா ரெண்டு உறுப்புப் பட்டியல்லயே மாட்டிக்கும். ப்ராப்பர்ட்டிக்கு எப்பவும் திட்டவட்டமான டைப் எழுதுங்க.

டைப்-டிஃபால்ட்ஸ் வார்னிங் டபிள்யூ-ஆல் ஃபிளாக்லயே அடக்கம். எண்கள் முக்கியமான ப்ராஜெக்ட்ல அதை மட்டும் எரரா உயர்த்திடலாம். இன்னும் கடுமை வேணும்னா மாட்யூல் தலையில டிஃபால்ட் ()னு எழுதினா அந்த மாட்யூல்ல டிஃபால்ட்டிங்கே கிடையாது. ஆனா எக்ஸ் ^ 2-க்குக்கூட 2 என்ன டைப்னு கேக்கும், சலிச்சுப் போயிடும். வார்னிங்கே போதும்ங்கிறது என் கட்சி.

சோம்பேறிச்சுட்டி:

ஒரு எதிர்வாதம். ஒரு கிளாஸுக்கு ப்ரோகிராம் முழுக்க ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ்தான் (ஒரு டைப்புக்கான கிளாஸ் இம்ப்ளிமென்ட்டேஷன்) இருக்குன்னு வைங்க. அப்பவும் ஜிஎச்சி ‘ஆம்பிகுவஸ்’னுதான் அடம்பிடிக்கும். இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதை எடுத்துக்க வேண்டியதுதானே? இது வீண் பிடிவாதம்.

நிலைப்புள்ளி:

பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘இப்போது ஒன்றுதான்’ என்பது இன்று இம்போர்ட் ஆன மாட்யூல்களைப் பொறுத்த உண்மை. நாளை ஏதோ ஒரு லைப்ரரி இரண்டாவது இன்ஸ்டன்ஸைச் சேர்த்தால், உங்கள் கோடில் ஒரு எழுத்து மாறாமலே கம்பைல் உடையும். இன்ஸ்டன்ஸ் சேர்ப்பது யாரையும் பாதிக்காது என்ற நம்பிக்கையில்தான் லைப்ரரிகள் நடக்கின்றன.

ரஸ்ட் மொழி நீங்கள் சொல்வதைச் சில இடங்களில் செய்கிறது. பொருந்தும் இம்ப்ளிமென்ட்டேஷன் ஒன்றே என்றால் அதை வைத்து டைப்பை ஊகித்துக்கொள்ளும். 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் 1.80-ல் பாக்ஸ்<ஸ்டர்>-க்கு ஃப்ரம்இட்டரேட்டர் இம்ப்ளிமென்ட்டேஷன் சேர்ந்தது. டைம் க்ரேட்டின் (க்ரேட் என்பது ரஸ்ட் லைப்ரரி) பழைய பதிப்புகளில் ஓரிடத்தில் கலெக்ட்டின் விடையை பாக்ஸ்<_> என்று மட்டும் எழுதியிருந்தார்கள். முன்பு _ இருந்த இடத்துக்கு ஒரே பொருத்தம்தான், இப்போது பல. ‘டைப் அனோட்டேஷன்ஸ் நீடட்’ என்று எரர். அந்த க்ரேட்டை நம்பியிருந்த ப்ராஜெக்ட்களெல்லாம் கம்பைலரைப் புதுப்பித்ததும் நின்றன, 0.3.35-க்கு ஏறிய பிறகே ஓடின.

சோம்பேறிச்சுட்டி:

சரி, அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா பிரின்ட்எஃப்-ஐ டூ-வுக்கு நடுவுல போட்டா ஐஓ ஏ-ல இருக்கற ஏ-க்கு ஆம்பிகுவஸ் வர்றதில்லையே, அது எப்படி?

நிலைப்புள்ளி:

அது லைப்ரரி எழுதியவர்களின் சாமர்த்தியம். இன்ஸ்டன்ஸை ஐஓ () என்று எழுதாமல் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

    இன்ஸ்டன்ஸ் ஏ ~ () => பிரின்ட்எஃப்டைப் (ஐஓ ஏ)

இன்ஸ்டன்ஸைத் தேடும்போது ஜிஎச்சி => குறிக்கு வலப்பக்கத்தை மட்டுமே பார்க்கும். ஐஓ என்று தெரிந்த உடனே பொருந்திவிடும். பொருந்திய பிறகு ஏ என்பது () என்ற சமன்பாடு தானாகக் கிடைக்கும். ஐஓ () என்றே எழுதியிருந்தால் ஏ தெரியும்வரை இன்ஸ்டன்ஸ் பொருந்தாது. ‘ஒன்றுதான் இருக்கிறது, எடுத்துக்கொள்’ என்ற உரிமையை இன்ஸ்டன்ஸ் எழுதுபவர் வெளிப்படையாகக் கொடுக்கும் வழி இது. பதிலுக்கு, ஐஓ இன்ட்-க்கு இன்னொரு இன்ஸ்டன்ஸ் எழுதும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுக்கிறார்.

அடிக்கோடு:

லைப்ரரி எழுதுபவர்களுக்கு இதுவே வேறு உருவத்தில் வரும். கூப்பிடும் இடத்தில் அல்ல, சிக்னேச்சரிலேயே ஆம்பிகுவிட்டி.

    கிளாஸ் கலெக்ஷன் சி ஈ வேர்
      காலி :: சி
      சேர் :: ஈ -> சி -> சி

சேர்-க்குப் பிரச்சினை இல்லை. காலி-யின் முழு டைப் கலெக்ஷன் சி ஈ => சி. => குறிக்குப் பின் ஈ எங்கேயும் இல்லை, ஆகவே கிளாஸ் டிக்ளரேஷனிலேயே ஜிஎச்சி நிறுத்திவிடும். கிளாஸ் தலையில் | சி -> ஈ என்று ஃபங்ஷனல் டிபெண்டன்சி எழுதினால் சி தெரிந்தாலே ஈ தெரிந்துவிடும். அதன் பிறகு [இன்ட்]-க்கு உறுப்பு இன்ட் என்று ஒரு இன்ஸ்டன்ஸ், சார் என்று இன்னொன்று, இரண்டும் சேர்ந்து வாழ முடியாது. பெரும்பாலும் அதுவேதான் உங்களுக்கும் வேண்டியிருக்கும்.

டைப் ஃபேமிலியில் (டைப்பை வாங்கி டைப்பைத் தருவது): உறுப்பு சி -> இன்ட் என்று சிக்னேச்சர் எழுதினால் அதுவும் நிராகரிக்கப்படும். சி தெரிந்தால் உறுப்பு சி தெரியும், தலைகீழாகத் தெரியாது. ஸ்ட்ரிங்குக்கும் உறுப்பு சார், டெக்ஸ்ட்டுக்கும் உறுப்பு சார். எரரில் ‘நான்-இன்ஜெக்டிவ்’ என்று ஒரு சொல் வந்தால் விஷயம் இதுதான். சி-யையே ஆர்குமென்ட்டாக வாங்குங்கள், அல்லது டேட்டா ஃபேமிலிக்கு மாறுங்கள்.

சில நேரம் ஆம்பிகுவஸ் சிக்னேச்சரே வேண்டியிருக்கும்:

    அளவு :: ஃபார்ஆல் ஏ. ஸ்டோரபிள் ஏ => இன்ட்
    அளவு = சைஸ்ஆஃப் (அன்டிஃபைன்ட் :: ஏ)

அலவ் ஆம்பிகுவஸ் டைப்ஸ் எக்ஸ்டென்ஷன் போட்டால் சரிபார்ப்பு கூப்பிடும் இடத்துக்குத் தள்ளிப்போகும். அளவு @டபுள் என்றால் 8. சைஸ்ஆஃப் தன் ஆர்குமென்ட்டைத் தொடுவதே இல்லை, அதனால் அன்டிஃபைன்ட் வெடிக்காது. @ போட மறந்தவருக்குக் கிடைக்கும் எரர் மட்டும் அவ்வளவு கனிவாக இருக்காது. ஜிஎச்சி 9.10-லிருந்து ரிக்வயர்ட் டைப் ஆர்குமென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனுடன் ஃபார்ஆல் ஏ -> என்று எழுதலாம். டைப்பைக் கொடுக்காமல் கூப்பிடவே முடியாது, புதுக் கோடுக்கு அதுவே மேல்.

எரர் மெசேஜே ‘இந்த எக்ஸ்டென்ஷனைப் போடு’ என்று யோசனை சொல்லும். டைப் ஃபேமிலி விஷயத்தில் அதைக் கேட்டுப் போட்டுவிடுவார்கள், சிக்னேச்சர் அமைதியாகிவிடும், பிறகு கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் அதே எரர் முளைக்கும். கேட்காதீர்கள்.

சோம்பேறிச்சுட்டி:

எஃப் ஷார்ப் மொழியில இருந்து வர்றவங்களுக்கு ஒரு குறிப்பு. அங்க வர்ற எஃப்எஸ்0072 எரர் (‘லுக்அப் ஆன் ஆப்ஜெக்ட் ஆஃப் இன்டிட்டர்மினேட் டைப்’) பேர்ல ஒத்துப்போனாலும் சங்கதி வேற. லிஸ்ட்.மேப் (ஃபன் எஸ் -> எஸ்.லெங்த்) பட்டி-ன்னு எழுதினா பட்டியோட டைப் தெரிஞ்சிருந்தாலும் எரர். செக்கர் இடமிருந்து வலமா போகுது, எஸ்.லெங்த்துக்கு வரும்போது பட்டியை இன்னும் பாக்கல. பட்டி |> லிஸ்ட்.மேப் (ஃபன் எஸ் -> எஸ்.லெங்த்)னு திருப்பிப் போட்டா சரியாயிடும். தகவல் இருக்கு, நேரத்துக்கு வரலை. ஹாஸ்கல்ல தகவலே இல்லை.

வால்சுழல்:

கடைசியா ஒண்ணு. எம்டிஎல் லைப்ரரியில, ஸ்டேட்டை மாத்தற மாடிஃபை (+1) எந்தத் தொல்லையும் இல்லாம ஓடுது. அதே வரி பாலிசெமி லைப்ரரிக்கு மாத்தினதும் எஸ்0 ஆம்பிகுவஸ். ஸ்டேட் இன்ட்னு சிக்னேச்சர்ல எழுதியும் இருக்கு!

அடிக்கோடு:

எம்டிஎல்-ன் மோனாட்ஸ்டேட் கிளாஸில் எம் -> எஸ் என்ற டிபெண்டன்சி இருக்கிறது. மோனாட் தெரிந்தால் ஸ்டேட் ஒன்றுதான். பாலிசெமியில் ஒரே எஃபெக்ட் பட்டியலில் ஸ்டேட் இன்ட், ஸ்டேட் டபுள் இரண்டும் இருக்கலாம், அதனால் அந்த டிபெண்டன்சியை வைக்க முடியாது. (+1) தருவது ‘நம் எஸ்0’ என்ற எண் கன்ஸ்ட்ரெய்ன்ட் மட்டும். சிக்னேச்சரில் இருக்கும் ஸ்டேட் இன்ட் ‘கிடைக்கக்கூடியவற்றில் ஒன்று’தான், ‘இதுதான்’ என்று யாரும் சொல்லவில்லை. மெம்பர் கன்ஸ்ட்ரெய்ன்ட்டில் எஸ்0-வைத் தவிர ஆர்-ம் (எஃபெக்ட் பட்டியல்) வருவதால் டிஃபால்ட்டிங்கும் இங்கே வராது.

மாடிஃபை @இன்ட் (+1) என்று எழுதுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எழுதக் கை வலித்தால் பாலிசெமி-ப்ளகின் பேக்கேஜை டிபெண்டன்சியில் சேர்த்து, கபால் ஃபைலின் ஜிஎச்சி ஆப்ஷன்களில் பாலிசெமி.ப்ளகினை எஃப்ப்ளகின் ஃபிளாகாகக் கொடுங்கள். பட்டியலில் ஸ்டேட் ஒன்றே இருந்தால் அது அதையே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஸ்டேட் சேர்ந்த அன்று அந்த இடங்களுக்கு @ எழுத வேண்டியிருக்கும்.